வெள்ளாவி கண்ட கோட்டு

மாயக்காளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கோட்டு விஷயத்தையும் எழுதுவீங்களா?" என்பதுதான். எழுதாமல் எப்படி? கோட்டை விட்டுவிட்டு மாயக்காளைப் பற்றி எழுதினால் மாயக்காளே வந்து என்னைப் பிடித்து உலுக்கிவிடுவாள்.

இது நடந்தது 1926-இல். அப்போது நான் உசிலம்பட்டி வட்டாரத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். மதுரை டவுனில் பிறந்தவன், பரீட்சை தேறியவன், சொந்தமாக சைக்கிள் வைத்திருந்தவன். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு மனிதனுக்கு எவ்வளவு தலைக்கனம் வருமோ அவ்வளவும் எனக்கு இருந்தது. புளியம்பாறைப்பட்டியில் ஒரு ஓட்டு வீட்டை எடுத்துக்கொண்டு மனைவியோடு தங்கியிருந்தேன்.

மாயக்காள் அந்த ஊருக்கு வெளுக்கிறவள். ஆனையூரில் பிறந்து பதினாலு வயதில் இங்கே வாக்கப்பட்டு வந்தவள். எனக்குத் தெரியவந்தபோது முப்பத்தைந்து வயது இருக்கும். கணவன் உக்கிரபாண்டி ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவன் பேசாத பேச்சையும் சேர்த்து அவளே பேசினாள். அவர்களிடம் ஒரு கழுதை இருந்தது. அதற்குப் பெயர் பட்டாளம். யார் சொல்வதையும் கேட்காமல் நேராகப் பார்த்து நடக்கும் என்பதால் அந்தப் பெயர்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஊரில் எல்லா வீட்டுத் துணியின் முனையிலும் சேராங்கொட்டைப் பாலால் அவள் வைத்த குறி இருக்கும். இந்த வீட்டுக்கு மூன்று புள்ளி, அந்த வீட்டுக்கு ஒரு கோடும் புள்ளியும், இன்னொரு வீட்டுக்குக் கோழிக்கால். குறியைக் கண்டதும் வீட்டைச் சொல்லிவிடுவாள். அதாவது, சொல்ல முடியும். ஆனால் சொல்ல மாட்டாள். எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டு மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்பதெல்லாம் துணி வழியாக அவளுக்குத்தான் முதலில் தெரியும். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசுவாளே தவிர, அதில் ஒன்றைக்கூட வெளியே விட்டதில்லை. அவள் பிழைப்பே அதில்தான் இருந்தது.

அந்த வருஷம் தை பிறந்து பத்து நாளில் காய்ச்சல் வந்தது. ஆறு நாள் உடம்பு கொதிக்கும். ஏழாம் நாள் குப்பென்று வியர்த்து விட்டுவிடும். வீட்டில் சந்தோஷப்பட்டுச் சாமிக்குப் பொங்கல் வைப்பார்கள். அடுத்த வாரம் அதே காய்ச்சல் திரும்ப வந்து நிற்கும். தெம்பு இல்லாதவர்கள் இரண்டாவது தடவையைத் தாங்கவில்லை.

காய்ச்சல் கண்ட தெருவில் நான் சைக்கிளில் போய் இறங்கியதும் ஜனங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "அம்மைக்குக் குத்துவீகளே, அந்த மாதிரி இதுக்கு ஊசி இருக்கா?"

"இதுக்கு அப்படி ஊசி கிடையாது."

"அப்பறம் நீங்க எதுக்கு வந்தீக?"

நியாயமான கேள்விதான். காய்ச்சல் வந்துவிட்டவனுக்குக் கொடுக்கிற ஒரு மருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இருந்தது. அதுவும் கொஞ்சம்தான். வராமல் தடுக்க எதுவுமே இல்லை. ஆகவே கையில் இருந்த புத்தகத்தில் சொல்லியிருந்ததை எல்லாம் செய்தேன். மாந்தோப்பில் ஓலைக் கொட்டகை போட்டு நோயாளிகளைத் தனியாக வைத்தேன். வாரச் சந்தையை நிறுத்தினேன். கிணற்றில் மருந்து போட்டேன். சுற்றியுள்ள ஊர்களுக்கும் போய், எந்த வீட்டில் யாருக்கு என்றைக்கு வந்தது என்று ஒரு பெரிய காகிதத்தில் சிவப்பு மையால் புள்ளி வைத்தேன்.

புள்ளிகளைப் பார்த்தால் ஒரு விசித்திரம் இருந்தது. சுற்றுப்பட்டில் ஏழு ஊரில் காய்ச்சல். ஏழு ஊரிலும் முதலில் படுத்தவன் புது மாப்பிள்ளை! கல்யாணம் ஆகி ஏழெட்டு நாளில் படுக்கை. அப்புறம் பெண்டாட்டி, அப்புறம் கூடப் படுத்துத் தூங்கிய மச்சினன்மார். எங்கள் ஊருக்கும் அந்தக் கல்யாணங்களுக்குப் போய்த் தங்கி வந்தவர்கள்தான் கொண்டுவந்திருந்தார்கள். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. காரணம் கல்யாண விருந்துதான் என்று மதுரைக்கு நாலு பக்கம் அறிக்கை எழுதிப் போட்டேன். கையோடு, கல்யாணப் பந்தி கூடாது என்று தண்டோராவும் போட வைத்தேன்.

ஊர் கொதித்துப் போனது. "காச்சல்ல சாகலேன்னா பட்டினியில சாவச் சொல்றாரு" என்று என் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். நான் அசையவில்லை. படித்த மனிதனின் முட்டாள்தனத்துக்கு முதுகெலும்பு மிகவும் பலம்.

பத்து நாள் கழித்து மதுரையிலிருந்து பதில் வந்தது. நான் அனுப்பிய ரத்தச் சொட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறார்கள். இது திரும்பு காய்ச்சல், சீலைப்பேன் மூலம் பரவுவது, தலையில் இருக்கிற பேன் அல்ல, துணியில் குடியிருக்கிற பேன் என்று எழுதியிருந்தார்கள். என் விருந்து அறிக்கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்கு அவர்களுக்கு இன்றைக்கும் நன்றியுள்ளவனாக இருக்கிறேன்.

உடனே மறுபடியும் தண்டோரா. விருந்து நடக்கலாம், ஆனால் ஊரில் உள்ள அத்தனை துணியையும் ஒரே நாளில் கொதிக்க வைக்க வேண்டும். கூட்டத்தில் செல்லத்தாய் என்கிற பெண், இடுப்பில் பிள்ளையோடு நின்றவள், என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்கு இருக்கிறதே இந்த ஒரு சேலை. இதக் கழட்டி அவிக்கக் குடுத்துட்டு, நான் எதக் கட்டிக்கிட்டு நிக்கட்டும்?"

என் தகரப் பெட்டியில் ஏழு வேட்டி இருந்தது. வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தோடுதான் கண்மாய்க் கரைக்குப் போனேன். மாயக்காள் வெள்ளாவி அடுக்கிக்கொண்டிருந்தாள். உவர்மண் தண்ணீரில் முக்கிய துணிகளைச் சுற்றிச் சுற்றி அடுக்கி, கீழே பெரிய பானையில் தண்ணீர் ஊற்றி அடுப்பு மூட்டுவாள். ஆவி மேலேறித் துணி பூராவும் அவியும்.

"பேன் சாக எம்புட்டு நேரம் அவியணும்?" என்று கேட்டாள்.

"அரை மணி போதும்."

அவள் சிரித்த சிரிப்பில் பட்டாளம் திரும்பிப் பார்த்தது. "நான் பொழுது சாய வச்சா விடியத்தானே எறக்குறேன். அதுல பேனு என்ன, பேனோட அப்பத்தாவே இருக்க மாட்டா."

"சரி, அதுவரை ஜனங்கள் எதைக் கட்டிக்கொள்வது?"

"மாத்துதான். பாதி ஊரோட மாத்துத் துணி இப்ப எங்கிட்டதான் கெடக்கு, அத மொதல்ல அவிச்சு எடுத்துக்கிருவோம். அத மத்தப் பாதி ஊரு கட்டிக்கிறட்டும். அவுக துணிய அவிச்சிட்டு அப்பறமாத் திருப்பிக் குடுத்துக்கிறலாம். வேட்டிக்கென்ன, யாரு இடுப்புன்னா தெரியப் போகுது?"

எனக்கு அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டும் போல இருந்தது. நாலு பக்க அறிக்கையில் எனக்குத் தோன்றாதது அவளுக்கு நாலு வார்த்தையில் தோன்றிவிட்டது. சந்தோஷத்தில் நான் பேனைப் பற்றிப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தேன். அது வேட்டியின் நடுவில் இருக்காது, தையல் மடிப்பில் பதுங்கி இருக்கும், முக்கியமாக அவிக்காத துணியில், உள்துணி வைத்துத் தைத்த உடுப்பில்...

அவள் கை நின்றுவிட்டது.

"கோட்டுல இருக்குமா அய்யா?"

"பேஷாக இருக்கும். யாருடைய கோட்டு?"

"சும்மா கேட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மாயக்காள் பேசாமல் இருந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்தக் கோட்டு விருமாண்டித் தேவருடையது. ஊரின் பெரிய வீட்டுக்காரர் அவர். ஊர் கூடும் மந்தையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ரங்கூனிலிருந்து வந்த கறுப்புக் கம்பளிக் கோட்டு, உள்ளே பட்டு மாதிரி வழுவழுவென்று துணி வைத்துத் தைத்தது. வருஷத்தில் இரண்டு நாள், மதுரைக் கோர்ட்டுக்குப் போகும்போது போடுவார். கம்பளி வெள்ளாவிக்கு ஆகாது என்பதால், பாறையில் வெயில் காட்டிப் பத்திரமாக வைத்திருக்கும்படி மாயக்காளிடமே விட்டுவைத்திருந்தார்.

சும்மா கிடக்கிற கோட்டு. ஊர்வலத்தில் கோட்டுப் போட்டுக் குதிரையில் வந்தால்தான் மாப்பிள்ளை என்று இளவட்டங்கள் ஆசைப்படுகிற காலம். வெளுக்கிறவர்கள் துணியை விசேஷ வீட்டுக்கு மாற்றாகக் கொடுப்பது எங்கும் உள்ள வழக்கம்தான், எல்லோருக்கும் தெரியும், யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். மாயக்காள் அந்தக் கோட்டை, தேவர் அழைப்புக்குப் போகாத ஊர்களாகப் பார்த்து, அங்கங்கே இருக்கிற தன் சொந்தக்கார வெளுப்பவர்கள் மூலம் அனுப்பி வைப்பாள். வெற்றிலை பாக்கும் ஒரு படி வரகும் வரும். மற்ற நாளில் என்றால் கோட்டு திரும்பி வந்ததும் நாலு நாள் வெயில் காட்டுவாள். அந்தத் தையில் முகூர்த்தம் நெருக்கமாக விழுந்தது. வெயில் காட்ட நேரமில்லை. ஒரு மாப்பிள்ளை கழற்றிய கோட்டை மறுநாளே அடுத்த மாப்பிள்ளை மாட்டிக்கொண்டான். என் காகிதத்தில் ஏழு ஊரிலும் முதலில் விழுந்த சிவப்புப் புள்ளிகள் அந்தக் கோட்டு நடந்த வழிதான்.

இதை வெளியே சொன்னால் அவளுக்கு அந்த ஊரில் இடமில்லை. ஒவ்வொரு ஊருக்கும் வெளுக்கிற குடும்பம் ஏற்கெனவே இருக்கிறது. இங்கே உரிமை போனால் வேறெங்கும் போய் ஒட்ட முடியாது. மூன்று தலைமுறையாக இருந்த வீடு, அறுப்புக்கு அறுப்பு வரும் தானியம், எல்லாம் போய்விடும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதெல்லாம் எனக்கு மறுநாள்தான் தெரியும்.

மறுநாள் மந்தையில் ஊர் கூடியது. நான் மாற்றுத் திட்டத்தை விளக்கினேன். விருமாண்டித் தேவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"என் கூடப்பொறந்தவன் வேட்டியவே நான் கட்ட மாட்டேன். கண்டவன் வேட்டிய நானும், என் வேட்டியக் கண்டவனும் கட்டுறதா? வேற வழியச் சொல்லுங்க இன்ஸ்பெட்டரய்யா."

கூட்டம் மொத்தமும் "அதானே" என்றது. நான் பேன், காய்ச்சல், சாவு என்று என்னவெல்லாமோ சொன்னேன். காற்றில் போனது. அப்போது வேப்பமரத்துப் பக்கம் ஓரமாக நின்றிருந்த மாயக்காள் ஒரு மூட்டையோடு நடுவில் வந்தாள்.

"சாமி, நான் ஒண்ணு சொல்லணும். இந்த மந்தையில நிக்கிற எல்லாரும் சொந்த வேட்டியிலதான் நிக்கிறீகளா? கீழ முனையப் புடிச்சுக் குறியப் பாக்கச் சொல்லட்டுமா?"

அத்தனை பேர் கைகளும் தானாகப் போய் வேட்டி முனையை மறைத்துக்கொண்டன. எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. யாராவது ஒருத்தர் சிரித்திருந்தால் எல்லோரும் சிரித்திருப்போம். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பில்லை. மூட்டையை அவிழ்த்துக் கறுப்புக் கோட்டை எடுத்துக் கீழே விரித்தாள்.

"இது யாரு கோட்டு?" என்றார் தேவர்.

"ஒங்க கோட்டுதான் சாமி. தை பொறந்ததுலருந்து ஏழு கல்யாணம் பாத்துருக்கு. நாந்தான் குடுத்தேன். போட்ட ஏழு பேரும் படுத்துட்டாக. பேயாண்டி செத்தே போனான். இருவது வயசுப் பய. போட்டுக்கிட்டு எங்கிட்ட வந்து, 'அக்கா, எப்பிடி இருக்கு'ன்னு திரும்பித் திரும்பிக் காட்டினான். அவன நாந்தான் கொன்னுட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தாள்.

"இதோட விட்டுட்டா நான் வாயத் தொறந்துருக்க மாட்டேன். எட்டாவதா ஒருத்தரு கேட்டுருக்காக. சமயநல்லூருல எந்தங்கச்சி மூலமா. நாளைக்குக் கோட்டு அங்க போயாகணும். யாருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு, இது இல்லேன்னா அவியாத வேறொண்ணத் தேடிப் போட்டுக்கிருவாக. கேட்டது முத்துக்கருப்பன்."

முத்துக்கருப்பன் யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தேவருடைய மகள் ஒச்சாயிக்குத் தாலி கட்டப் போகிற மாப்பிள்ளை. மாமனாரின் கோட்டு என்று தெரியாமலே அதைப் போட்டுக்கொண்டு மாமனார் வீட்டுக்கு ஊர்வலம் வர இருந்தவன்.

"ஒச்சாயிப் புள்ள பொறந்தப்ப ஏந்துன துணி நான் அவிச்சுக் குடுத்தது சாமி" என்றாள் மாயக்காள். "அதுக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன். என்னைய என்ன வேணும்னாலும் செய்ங்க. துணிய மட்டும் குடுங்க."

விருமாண்டித் தேவர் தீர்ப்புச் சொன்னார். கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப் போகும் என்றார். காய்ச்சல் அடங்கும் வரை மாயக்காள் சொல்கிறபடி ஊர் நடக்கும் என்றார். அடங்கிய மறுநாள் அவள் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்றும் சொன்னார்.

"சரி சாமி" என்றாள்.

அன்று சாயங்காலமே, ஏழு ஊரிலும் கோட்டு யார் கை வழியாக எந்த வீட்டுக்குப் போனது என்று என் காதில் சொன்னாள். கோட்டுப் போட்டவர்களில் செத்தவன் பெயரைத் தவிர வேறு யார் பெயரையும் அவள் மந்தையில் விடவில்லை என்பதைக் கவனித்தேன். பேயாண்டியைப் பற்றி மறுபடியும் அழுதாள். "உனக்குத் தெரியாது, மாயக்கா. பரீட்சை எழுதின எனக்கே தெரியவில்லையே" என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்ததா, தெரியாது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏழு ஊருக்கும் போனேன். அங்கங்கே இருந்த வெளுப்பவர்களிடம் மாயக்காள் பெயரைச் சொன்னால் போதும், காரியம் நடந்தது. என் உத்தியோக முத்திரைக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

அடுத்த மூன்று வாரம் புளியம்பாறைப்பட்டி பார்த்த கூத்தை எழுத ஒரு புத்தகம் வேண்டும். விருமாண்டித் தேவர் முழங்காலுக்கு மேலே நிற்கிற ஒரு வேட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நடந்தார். செல்லத்தாய் பெரிய வீட்டுக் கண்டாங்கிச் சேலையில் களையெடுக்கப் போனாள், திரும்பி வரும்போது தெருவில் ஒரு சுற்றுக் கூடுதலாக நடந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று தலையை மழிக்க நான் சொன்னபோது கேட்காத ஆண்கள், கருப்பசாமிக்கு வேண்டிக்கொண்டதாகச் சொல்லித் தாங்களாகவே மழித்துக்கொண்டார்கள். சாமிக்கு நான் அன்றைக்கே தோற்றுவிட்டேன். புதிதாகக் காய்ச்சல் கண்ட வீட்டை அன்றே கொட்டகைக்கு அனுப்பி, பாய், தலையணை உறை வரை அவித்தோம். அவிக்க முடியாததை எரித்தோம்.

கோட்டும் வெள்ளாவிக்குப் போனது. வெளியே எடுத்தபோது அஞ்சு வயசுப் பிள்ளைக்குத்தான் பொருந்தும் போலச் சுருங்கிக் கிடந்தது.

ஒரு நாள் மாயக்காள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஆணியில் தொங்கிய என் வெள்ளை டிரில் கோட்டைக் காட்டினாள்.

"அது?"

"அது நான் மட்டும் போடுகிறது. அதற்கு வேண்டாம்."

"ஊருக்கு ஒரு சட்டம், ஒங்களுக்கு ஒரு சட்டமா? கழட்டுங்க."

கொடுத்தேன்.

மாசி முடிவதற்குள் புதுக் காய்ச்சல் நின்றது. பங்குனி பத்தாம் தேதி கொட்டகையைப் பிரித்தேன். அந்த ஊரில் மொத்தம் ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். அதில் எட்டுப் பேர் வெள்ளாவி மூட்டுவதற்கு முன்னால். துணிகளை ஆவியில் அவித்து நோயை அடக்கிய விவரத்தை நான் மதுரைக்கு எழுதினேன். எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அவளுக்கு ஊரை விட்டுப் போகும் நாள் வந்தது.

முந்தின நாள் தேவரிடம் போய் வாதாடினேன். "மந்தையில சொன்ன வார்த்தை, இன்ஸ்பெட்டரய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சைக்கிளை எடுக்க மறந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். உக்கிரபாண்டி பானை சட்டிகளைக் கட்டிப் பட்டாளத்தின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தான். மாயக்காள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். போகிற வீட்டை எதற்குக் கூட்டுகிறாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

அப்போது செல்லத்தாய் வந்தாள். அழுக்கு மூட்டையைப் பொத்தென்று வாசலில் போட்டாள். "வெள்ளிக்கெழமைக்கு வேணும்க்கா" என்று சொல்லிவிட்டு, கழுதையின் மேல் இருந்த சுமையைப் பார்க்காதவள் போலப் போய்விட்டாள். அடுத்து இன்னொருத்தி. அப்புறம் மூன்று பேர் சேர்ந்தாற்போல. யாரும் தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தச் சேலையில மஞ்சக் கறை இருக்கு, பாத்து" என்றும், "போன தடவ ஒரு துண்டு கொறஞ்சிச்சு" என்றும் வழக்கம் போலப் பேசிவிட்டுப் போனார்கள். மூட்டைகள் திண்டு மாதிரி உயர்ந்துவிட்டன. மாயக்காள் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள்.

கடைசியாக விருமாண்டித் தேவர் வந்தார். பெரிய வீட்டு ஆம்பிளை தன் அழுக்குத் துணியைத் தானே சுமந்து வந்ததை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. மூட்டையை மற்ற மூட்டைகளின் மேல் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"ஏ மாயக்கா."

"சாமி."

"வைகாசியில கல்யாணம். மாப்ள கோட்டு இல்லாம ஊர்வலம் வர மாட்டேங்கிறானாம்." அவர் பட்டாளத்தின் காதைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எங்கயாச்சும் ஒண்ணு கெடைக்குமா?"

மாயக்காள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது குரல் மட்டும் பழையபடி இருந்தது.

"இருக்கு சாமி. வெள்ளாவி கண்ட கோட்டு. ஒரு பயமும் இல்ல." பிறகு உக்கிரபாண்டியிடம், "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? பானைய எறக்கு, தண்ணி ஊத்தணும்" என்றாள்.

வைகாசிக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை முத்துக்கருப்பன் குதிரையில் வந்தான். போட்டிருந்தது வெள்ளை டிரில் கோட்டு, பால் மாதிரி வெளுத்து, மடிப்புக் கலையாமல். இடது பையில் ஒரு சின்ன நீலக் கறை. அது என் பேனா கசிந்த கறை. துவைக்கப் போட்டு ஒரு வாரமாக வரவில்லையே என்று நான் தேடிக்கொண்டிருந்த கோட்டு அது.

மாயக்காள் மணப்பந்தலின் ஓரத்தில், தான் கட்டிய மேல்கட்டுத் துணியைச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மேலே எதையோ வெகு அக்கறையாகப் பார்த்தாள்.

"மாப்ள எப்பிடி, இன்ஸ்பெட்டரய்யா?" என்று கேட்டார் தேவர், பெருமையாக.

"கோட்டு பிரமாதம்" என்றேன்.

மூன்றாம் நாள் கோட்டு வீட்டுக்கு வந்தது, அவித்து, வெளுத்து, மடித்து. சந்தனக் கறை ஒன்று மட்டும் போகவில்லை. என் மனைவி அதை வைத்து என்னைப் பண்ணின விசாரணையை இங்கே எழுத மாட்டேன். மடிப்பைப் பிரித்தபோது காலரின் உள்பக்கம் சேராங்கொட்டைக் குறி ஒன்று புதிதாக இருந்தது. இரண்டு சின்ன வட்டம், நடுவில் ஒரு கோடு. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் அது சைக்கிள் என்று தெரிந்தது.